பேய்க் கட்டடம், பேய் இடுகாடு என்று பெயரெடுத்த இடங்கள்: சத்தமும் குளிரும் வெளிச்சமும் எங்கிருந்து வருகின்றன?

ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில், சரிஸ்கா காட்டையொட்டி பாங்கர் கோட்டை இருக்கிறது. சூரியன் உதிப்பதற்கு முன்பும் மறைந்த பின்பும் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று இந்தியத் தொல்லியல் துறை அங்கே ஒரு பலகை வைத்திருக்கிறது. அந்தப் பலகையின் படம் சில மாதங்களுக்கு ஒருமுறை சமூக ஊடகங்களில் சுற்றுக்கு வரும். “பேய் இருப்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது” என்ற வரியும் கூடவே வரும். பலகை உண்மைதான். அதற்குச் சொல்லப்படும் பொருள்தான் தவறு. அந்தத் தவறு எப்படி உண்டாகிறது என்று பார்த்தால், உலகெங்கும் பேய் இடம் என்று பெயரெடுத்த கட்டடங்களையும் இடுகாடுகளையும் படிக்க ஒரு வழி கிடைக்கிறது.

பலகையில் இருப்பது என்ன

பலகையில் பேய் என்ற சொல்லே இல்லை. நுழைவு நேரத்துக்கு அடுத்த வரிகள், உள்ளே வரும் ஆடுமாடு மேய்ப்பவர்கள், விறகு வெட்டுபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்கின்றன. தாழை மரங்களுக்குச் சேதம் விளைவிக்கக் கூடாது என்கின்றன. பாதுகாக்கப்பட்ட எந்த நினைவுச்சின்னத்திலும் வைக்கக்கூடிய பலகைதான் அது. 1959ஆம் ஆண்டின் தொல்லியல் விதிகளின்படி, தனி நேரம் குறிக்கப்படாத பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் எல்லாமே சூரிய உதயம் முதல் மறைவு வரைதான் திறந்திருக்கும். பாங்கருக்கென்று யாரும் தனிச் சட்டம் போடவில்லை.

இரவில் மூடுவதற்குக் கண்ணெதிரே காரணங்கள் இருக்கின்றன. விளக்கு இல்லை. சுவர் விளிம்புகளில் தடுப்பு இல்லை. பக்கத்துக் காட்டில் சிறுத்தைகள் நடமாடுகின்றன. ஊர் வெறிச்சோடியதற்கு மந்திரவாதியின் சாபம் என்பது கதை. 1783ஆம் ஆண்டின் பஞ்சத்துக்குப் பிறகு மிச்சமிருந்த மக்களும் வெளியேறிவிட்டார்கள் என்பது வரலாறு. சாபக் கதை பரவியதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான்: ஒரு நகரத்தையே காலிசெய்த பஞ்சம் அந்தக் கதையில் காணாமல் போய்விட்டது.

“பேய்” என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

ஓரிடத்தில் பேய் நடமாடுகிறது என்று பத்துப் பேர் சொன்னால், பத்துப் பேரும் ஒரே அனுபவத்தைச் சொல்வதில்லை. புகார்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்.

1. சத்தம்: காலடி, தட்டல், முனகல், அலறல்.
2. உடலில் படுவது: திடீர்க் குளிர், காற்று, யாரோ தொட்டது போன்ற உணர்வு.
3. காட்சி: ஓரக்கண்ணில் உருவம், இடுகாட்டில் வெளிச்சம், புகைப்படத்தில் வெண்பந்து.
4. உள்ளுணர்வு: இனந்தெரியாத பயம், யாரோ பின்னால் நிற்பதான எண்ணம், தலைவலி, குமட்டல்.

இந்த நான்கையும் கட்டடத்தைப் பற்றி வந்த குறைப் புகார்களாக எடுத்துக்கொண்டு ஆராய வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் நிலைப்பாடு. புகார் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று தள்ளிவிட்டால் உண்மையான கோளாறும் கூடவே தள்ளப்பட்டுவிடும். அப்படித் தள்ளக்கூடாத கோளாறுகளில் ஒன்று உயிரையே எடுத்துவிடும். அதனால் ஆராய்ச்சியை நான்காவது வகையில் தொடங்குவதே சரி.

முதல் சந்தேகம்: கார்பன் மோனாக்சைடு

வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1921இல் ஒரு மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வெளியிட்டார். பெரிய, பழைய வீடொன்றுக்குக் குடிபோன அந்தக் குடும்பத்தினருக்குக் காலடிச் சத்தம் கேட்டது, இரவில் கட்டிலருகே உருவங்கள் தெரிந்தன, தலைவலி விடவில்லை, குழந்தைகள் வெளிறிப்போனார்கள், தொட்டிச் செடிகள் வாடின. கடைசியில் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகைபோக்கி வழியே போக வேண்டிய புகை வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. உலையைச் சரிசெய்ததும் “பேய்” நின்றுவிட்டது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். காற்றின் பத்து லட்சம் பங்கில் 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் லேசான தலைவலி வரும். 800 பங்கு என்றால் 45 நிமிடத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் உயிர் போகலாம். இடைப்பட்ட நிலையில்தான் மூளை குழம்பிப் பயமும் மாயத்தோற்றமும் வருகின்றன.

பழைய கட்டடங்களில் இது அதிகம் நேர்வதற்குக் காரணம் புகைபோக்கி. உள்பூச்சு உதிர்ந்து விரிசல் விட்டிருக்கும்; பறவைக்கூடு அடைத்திருக்கும்; பழைய கணப்பில் பிற்காலத்தில் எரிவாயு அடுப்பைப் பொருத்தியிருப்பார்கள். சந்தேகிக்க வேண்டிய அறிகுறி இதுதான்: வீட்டுக்குள் இருக்கும்போது எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலி, வெளியே போனால் தெளிவு. எரியும் சாதனத்திலிருந்து 1 முதல் 3 மீட்டர் தூரத்திலும், ஆட்கள் தூங்கும் அறையில் மூக்கு இருக்கும் உயரத்திலும் எச்சரிக்கைக் கருவி வைக்க வேண்டும். அதன் உணரி காலாவதியாகக்கூடியது. தேதி முடிந்த கருவி சுவரில் தொங்குவதால் பயனில்லை.

சத்தங்கள்

இரவில் கேட்கும் சத்தம் எல்லாமே புதிதல்ல. மற்ற இரைச்சல் குறைவதால் இருந்த சத்தம் கேட்கிறது. அதே நேரத்தில் கட்டடம் குளிர்வதால் புதிய சத்தங்களும் பிறக்கின்றன.

* மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், விட்டுச் சுருங்கும். 30 செ.மீ. அகலப் பலகையில் ஈரப்பதம் 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கினால், அறுத்த விதத்தைப் பொறுத்து 3 மி.மீ. வரை சுருங்கும். ஆணி அதைப் பிடித்து வைத்திருந்து ஒரு கட்டத்தில் விடும்போது “டக்” என்று கேட்கும். பகலில் ஆட்கள் நடந்து அழுத்திய தரைப் பலகைகள் இரவில் ஒவ்வொன்றாக நிமிர்ந்தால், யாரோ நடந்து போவது போலவே இருக்கும்.
* 5 மீட்டர் இரும்புக் குழாய் 40 டிகிரி சூடு தணிந்தால் சுமார் 2.4 மி.மீ. குறுகும். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் இறுக்கமாக இருந்தால் சரளமாக நகராது. தட்டித் தட்டி நகரும்.
* கூகையின் குரல் கிறீச்சிட்ட அலறல். அது கூடு கட்டுவது பாழடைந்த கோபுரங்களிலும் பரண்களிலும்தான். அதன் குஞ்சுகள் இரை கேட்டுச் சீறுவது மனிதர் குறட்டை விடுவது போலக் கேட்கும்.
* ஐரோப்பாவின் பழைய ஓக் உத்தரங்களில் ஒரு வண்டு வாழ்கிறது. இணையைக் கூப்பிடத் தலையை மரத்தில் வேகமாக அடித்து, அடுத்தடுத்துச் சில தட்டல்கள் எழுப்பும். சாகக் கிடப்பவர் அருகே இரவெல்லாம் விழித்திருந்தவர்களின் காதில் அது விழுந்ததால் ஆங்கிலத்தில் “சாவுக் காவல் வண்டு” என்று பெயர் வந்தது. அந்தத் தட்டல் கேட்டால் உத்தரத்தைச் சோதிப்பது அவசரம். சுவருக்குள் போகும் முனையில்தான் ஈரம் தங்கி மரம் இற்றிருக்கும். அங்கே கூரான ஊசியால் குத்திப் பார்த்து, அது எளிதாக இறங்கினால் அடியில் உடனே முட்டுக்கொடுக்க வேண்டும்.

குளிரும், தானாகத் திறக்கும் கதவும்

குளிரைக் காற்று மட்டும் தருவதில்லை. கனமான கற்சுவர் மெதுவாகத்தான் சூடாகும். நம் உடலின் வெப்பம் அதை நோக்கிக் கதிர்வீச்சாகப் போய்க்கொண்டே இருக்கும். அறைக் காற்று 20 டிகிரி, சுற்றுச் சுவர்கள் 12 டிகிரி என்றால், உடலுக்கு ஏறத்தாழ 16 டிகிரி போலப் படும். சன்னலோர வெயிலில் நின்றிருந்தவர் இரண்டடி தள்ளி அந்தச் சுவரருகே வந்தால் சிலிர்க்கத்தான் செய்யும். சுவர் ஓதம் ஏறி ஈரமாக இருந்தால், நீர் ஆவியாவதால் இன்னும் குளிரும். “குளிர்ந்த இடம்” என்று சொல்லப்படும் மூலையில் காரை உப்புப் பூத்திருக்கிறதா, பெயர்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கதவு விஷயத்தில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. உயரமான கட்டடத்தில் உள்ளே வெதுவெதுப்பும் வெளியே குளிரும் இருந்தால், சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழே குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். 10 மீட்டர் உயரம், 10 டிகிரி வேறுபாடு என்றால் மொத்த அழுத்த வேறுபாடு சுமார் 4 பாஸ்கல். பார்க்கச் சிறிய எண்தான். ஆனால் 2 சதுர மீட்டர் கதவு ஒன்றின் மேல் அது முழுவதும் விழுந்தால், முக்கால் கிலோவுக்கு மேற்பட்ட எடையால் தள்ளுவதற்குச் சமம். தாழ்ப்பாள் தேய்ந்த கதவு திறக்க அது போதும்.

சோதிக்கும் வரிசை:

1. கதவு நிலை செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். நிலை சாய்ந்திருந்தால் கதவு தன் எடையாலேயே ஆடும்.
2. கீல், தாழ்ப்பாள் நாக்கு, அது விழும் குழி மூன்றிலும் தேய்மானம் பாருங்கள்.
3. பற்றவைத்த ஊதுபத்தியை இடுக்குகளில் மேல், நடு, கீழ் என்று பிடியுங்கள். கீழே புகை உள்நோக்கியும் மேலே வெளிநோக்கியும் சாய்ந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

19 ஹெர்ட்ஸ் கதை எவ்வளவு தூரம் உண்மை

விக் டாண்டி என்ற பொறியாளர் 1998இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலிதான் பேய்க்குக் காரணம் என்ற பேச்சு பரவியது. அவர் வேலைசெய்த ஆய்வகத்தில் சோர்வும் பயமும் இருந்தன. ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவமும் தெரிந்தது. பிடிப்பானில் பொருத்தியிருந்த வாள்வீச்சு வாளின் தகடு தானாக அதிர்வதைக் கண்டு தேடியபோது, புதிதாக வைத்த காற்று வெளியேற்றும் விசிறி சுமார் 19 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 19 அதிர்வு) ஒலி எழுப்புவது தெரிந்தது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது; அதை 19ஆல் வகுத்தால் அலைநீளம் 18 மீட்டர். அதில் பாதியான 9 மீட்டர் நீள அறையில் அந்த அலை நிலையாக நின்று வலுப்பெறும். இதுவரை இயற்பியல் சரிதான்.

அந்த ஒலி எல்லோருக்கும் பேயைக் காட்டும் என்பதற்குத்தான் ஆதரவு இல்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தனியாக ஓர் அறை கட்டி, தாழ் ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் மறைவாகச் செலுத்தி 79 பேரைச் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பலர் விசித்திர உணர்வுகளைச் சொன்னார்கள். ஆனால் கருவி ஓடியதா இல்லையா என்பதோடு அவை பொருந்தவில்லை. எதையாவது உணரலாம் என்று சொல்லி அனுப்பியதே போதுமானதாக இருந்தது. அதனால் எங்கு போனாலும் 19 ஹெர்ட்ஸைத் தேடுவது வீண்.

இதைவிடப் பயனுள்ள ஆய்வை உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழு 2003இல் வெளியிட்டது. இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை, 1788இல் திறந்த எடின்பரோ தெற்குப் பாலத்தின் நிலவறைகள் ஆகிய இரண்டிலும் நூற்றுக்கணக்கானோரை நடக்கவிட்டு, எங்கே என்ன உணர்ந்தார்கள் என்று குறித்தார்கள். பேய்ப் பெயர் எடுத்த இடங்களிலேயே புகார்கள் குவிந்தன. அறையின் அளவு, வெளிச்சம் போன்ற சூழல் அம்சங்களோடு அவை பொருந்தின. அந்த இடங்களில் ஏதோ இருப்பது உண்மை. இருப்பது அறையின் அமைப்பு.

கண்ணும் கருவியும் ஏமாறும் விதம்

“ஓரத்தில் தெரிந்தது, நேராகப் பார்த்ததும் மறைந்துவிட்டது” என்பது அடிக்கடி கேட்கும் சாட்சியம். விழித்திரையின் நடுப்புள்ளியில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் கிடையாது; ஓரங்களில்தான் உண்டு. இருட்டில் எந்த மங்கலான பொருளும் நேராகப் பார்த்தால் மறையும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவே ஒருவர் வெள்ளை டார்ச் அடித்தால் மறுபடியும் தொடக்கத்திலிருந்துதான்.

கருவிகளில் நேரும் பிழைகள்:

1. அகச்சிவப்பு வெப்பமானி காற்றின் வெப்பத்தை அளப்பதில்லை. எதிரே உள்ள பரப்பை அளக்கிறது. பளபளப்பான உலோகத்தில் தவறான எண் காட்டும். தூரத்துக்கும் அளக்கும் வட்டத்துக்கும் 12:1 விகிதமுள்ள கருவியை 3 மீட்டர் தள்ளிப் பிடித்தால் 25 செ.மீ. வட்டத்தின் சராசரிதான் கிடைக்கும்.
2. பேய் தேடுவோர் விரும்பும், மின்காந்தப் புலத்தை அளக்கும் கே2 மீட்டர் வீட்டு மின்கம்பிகளைச் சோதிக்க உருவானது. கைப்பேசி அருகில் வந்தாலே அதன் விளக்குகள் எரியும். பழைய கட்டடத்தில் அது விடாமல் எரிந்தால் மின்பணியாளரை அழையுங்கள். வயரிங் கோளாறாக இருக்கலாம்.
3. புகைப்பட வெண்பந்து, லென்ஸுக்கு மிக அருகே மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பிய ஃபிளாஷ் ஒளி. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

தூக்கத்தில் நெஞ்சில் யாரோ அமர்ந்து அழுத்துவதைப் பழைய மாளிகையில் தங்கியவர்கள் சொல்வதுண்டு. கனவு நிலையில் தசைகள் செயலற்றிருக்கும்போதே மனம் விழித்துக்கொள்வதன் விளைவு அது. அமுக்குவான் பேய் என்ற பெயர் அந்த அனுபவத்துக்கு மிகப் பொருத்தம்.

இடுகாடுகள்: மண்ணுக்குள் நடப்பது

கட்டடத்தைவிட இடுகாட்டில் விஷயம் கூடுதல். அங்கே மண்ணே அசைகிறது.

*கல்லறை உள்வாங்குதல்.* சவப்பெட்டி 2 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம், அதன் மூடியின் மேல் 1.2 மீட்டர் மண் என்றால் மூடியின் மேலுள்ள மண் 1.8 கன மீட்டர். எடை இரண்டரை டன்னுக்கு மேல். மரம் இற்றதும் ஒரு மழைநாளில் மூடி உடைந்து மண் இறங்கும். காலையில் பார்ப்பவருக்குக் கல்லறை உள்ளிருந்து திறந்தது போலத் தோன்றும். பள்ளத்தை ஒரேயடியாகக் கொட்டி மூடினால் மறுபடியும் இறங்கும், 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு இடித்து நிரப்ப வேண்டும்.

*அழுகாத உடல்.* அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 1892 ஜனவரியில் காசநோயால் இறந்த மெர்சி பிரவுனின் உடலை மார்ச்சில் திறந்து பார்த்தார்கள். இதயத்தில் ரத்தம் இருந்ததால், அவரே குடும்பத்தாரின் உயிரை உறிஞ்சுகிறார் என்று முடிவுகட்டி இதயத்தை எரித்தார்கள். குளிர்காலத்தில், தரைக்கு மேலிருந்த கல்லறை அறையில் வைத்த உடல் இரண்டு மாதம் கெடாமல் இருந்ததில் வியப்பில்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அப்போது பத்தாண்டு ஆகியிருந்தது; அந்த அறிவு அந்த ஊரின் பயத்தை வெல்லவில்லை. வாயோரம் ரத்தம், வளர்ந்த நகம், உப்பிய வயிறு என்ற மற்ற அடையாளங்களும் அப்படித்தான். வாயுவின் அழுத்தத்தால் சிவந்த திரவம் வாய்வழியே வரும். தோல் வற்றிப் பின்வாங்குவதால் நகம் நீண்டதாகத் தெரியும்.

*வெளிச்சம்.* சதுப்பில் எழும் மீத்தேன் தானாகப் பற்றாது. பற்றுவதற்கு 500 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அதனால்தான் காற்றில் தானாகப் பற்றும் பாஸ்பரஸ் சேர்மங்கள் அதைக் கொளுத்துகின்றன என்று கொள்ளிவாய்ப் பிசாசுக்கு விளக்கம் தருகிறார்கள். ஆனால் நகரத்து இடுகாட்டில் வெளிச்சம் தெரிந்தால், பளபளப்பாக்கிய கிரானைட்டில் வண்டி விளக்கு பிரதிபலிப்பதை முதலில் சந்தேகியுங்கள். இரண்டு மீட்டர் பக்கவாட்டில் நகருங்கள். வெளிச்சம் அடுத்த கல்லுக்குத் தாவினால் பிரதிபலிப்புதான்.

*இடம் நிரம்புதல்.* பிராகாவின் பழைய யூத இடுகாட்டில் இடமின்றி உடல்களை 12 அடுக்கு வரை புதைத்திருக்கிறார்கள். பாரிஸின் இன்னொசென்ட் இடுகாட்டில் 1780இல் பக்கத்து வீட்டு நிலவறைச் சுவர் பிணங்களின் பாரம் தாங்காமல் இடிந்தது. இடுகாடு மூடப்பட்டு, 1786 முதல் எலும்புகள் கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டன. இன்று பேய்ப் பயணம் போகிறவர்கள் பார்க்கும் கேட்டகோம் அதுதான்.

சாபம் என்ற பெயரில் கொல்லும் காற்று

மூடிக் கிடந்த கல்லறை அறையையோ நிலவறையையோ திறந்து இறங்கியவர் மயங்கி விழுந்தால் சாபம் என்பார்கள். காரணம் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. வெளிக்காற்றில் அது 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே வேலைக்கு ஏற்றதல்ல. 10 சதவீதத்தை நெருங்கினால் எச்சரிக்கையின்றி நினைவு தப்பும். கரியமில வாயு காற்றைவிடக் கனமானதால் அடியில் தேங்கும். ஹைட்ரஜன் சல்பைடு வாயு காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்து, அதன் அழுகிய முட்டை நாற்றம் “போய்விட்டது” போலத் தோன்றும்.

1. திறந்ததும் இறங்காதீர்கள். ஊதுவிசிறியால் வெளிக்காற்றை அடிவரை செலுத்துங்கள்.
2. நான்கு வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று உயரத்தில் அளவு பாருங்கள்.
3. மெழுகுவர்த்தி எரிகிறதே என்று நம்பாதீர்கள். ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அது அணையும்; நச்சு வாயுவை அது காட்டவே காட்டாது.
4. இறங்குபவருக்கு இடுப்புவார்க் கயிறு, மேலே ஓர் ஆள். உள்ளே இருப்பவர் விழுந்தால் கயிற்றால் இழுக்க வேண்டும். காப்பாற்றக் குதித்தால் இரண்டாவது ஆளும் விழுவார்.

கல்லறைக் கற்களும் ஆபத்தானவை. 1 மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. தடிமன் கொண்ட கிரானைட் பலகையின் எடை சுமார் 160 கிலோ. அடிச்சாந்து உதிர்ந்திருந்தால் சாய்ந்து நின்று படம் எடுக்கும் எடையே அதைக் கவிழ்க்கப் போதும். வௌவால் எச்சம் குவிந்த அறையில் காய்ந்த தூசியைக் கிளப்பினால் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை உள்ளே போகும். நனைத்த பிறகு, என்95 முகக்கவசத்தோடு அள்ள வேண்டும்.

கதையின் விலை

பேய்ப் பெயருக்குச் சட்ட விளைவும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் நயாக்கில் ஒரு வீட்டின் உரிமையாளர், தன் வீட்டில் பேய்கள் இருப்பதாகப் பத்திரிகைகளில் முன்பே சொல்லியிருந்தார். அது தெரியாமல் 6,50,000 டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டவர் வழக்குத் தொடுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல், ஊருக்கே அப்படிச் சொன்னவர் இப்போது மறுக்க முடியாது என்ற அடிப்படையில், சட்டத்தின் பார்வையில் அது பேய் வீடுதான் என்று சொல்லி, வாங்குபவர் விலக அனுமதித்தது. பேய் உண்டு என்று நீதிமன்றம் கண்டறியவில்லை. விற்பவரின் சொல் வீட்டின் மதிப்பை மாற்றிவிட்டது என்றுதான் சொன்னது.

கட்டடத்துக்கு நேரும் இழப்பு இதைவிடப் பெரிது. புனேவின் சனிவார்வாடா கோட்டையில் 1773இல் கொலையுண்ட இளம் பேஷ்வா (மராத்திய ஆட்சித் தலைவர்) நாராயணராவின் குரல் கேட்பதாகச் சொல்லி வருகிறவர்களும், பாங்கரில் மதிலேறிக் குதிப்பவர்களும் தேடி வருவது குரலையும் நிழலையும்தான். விட்டுப் போவது மெழுகுக் கறை, சுவரில் கீறிய பெயர், புதையலுக்குத் தோண்டிய குழி. சுண்ணாம்புக் காரையில் ஏறிய புகைக்கரியைத் தேய்த்துக் கழுவினால் காரையும் சேர்ந்து போகும். இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பொறுப்பில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒரு பதிவேடு. புகார் வந்த இடம், நிமிடம் வரை நேரம், வெளி வெப்பம், காற்றின் திசை, எந்த மோட்டார் ஓடியது, எந்தக் கதவு திறந்திருந்தது என்று குறைந்தது 14 நாள் குறிக்க வேண்டும். புகார் சொல்பவரிடம் கதையைக் கேட்பதற்கு முன்பு நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்து வாங்குங்கள். குறிகள் ஒரே மூலையில் விழுந்தால், அந்த மூலையின் கூரை ஓடு, மழைநீர்க் குழாய், உத்தர முனை, புகைபோக்கி ஆகியவற்றை அந்த வாரமே திறந்து பார்க்க வேண்டும்.